பரிமளம் கட்டிய தண்ணி முறை மெசின்

பரிமளத்திடம் வாயைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியவர்கள் கண்டியில் குறைவு. கொழும்பு வீதியில் பஹ்மியின் ரேடியோ, டீவி திருத்தும் கடைக்கு வருகிறவர்கள் அவளைக் கண்டதும், "பாஸ் இல்லையா?" என்று கேட்டபடி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "எந்த பாஸ்? கடைக்காரர்னா தொழுகைக்குப் போயிருக்காரு. டீவி திருத்துற பாஸ்னா நான்தான். தூக்கிக்கிட்டு நிக்காதீங்க, எறக்கி வைங்க" என்பாள். சிலர் இறக்கி வைப்பார்கள். சிலர் தயங்கிக்கொண்டே நிற்பார்கள். அவர்களுக்கு அவள் உட்காரக் கதிரையும் காட்டமாட்டாள்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் மேல் லயம் என்ற வரிசை வீடுகளில் பிறந்தவள். அம்மா வீரம்மா கொழுந்து பறித்தாள். அப்பா காளிமுத்து தோட்டத்துத் தண்ணிக்காரர். மலை ஊற்றிலிருந்து தண்ணீர் வந்து விழும் தொட்டியைக் காவல் பார்ப்பதும், வால்வைத் திறந்து லயங்களுக்குத் தண்ணீர் விடுவதும் அவர் வேலை. மகள் சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணியதும் தையல் படிக்கப் போவாள் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். அவளோ தொழில்நுட்பக் கல்லூரியில் ரேடியோ திருத்தும் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முதல் நாள், "தங்கச்சி, டைப்பிங் வகுப்பு பக்கத்து அறை" என்று ஒருவன் வழி காட்டினானாம். "அப்படியா? நீங்க அங்கே போங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு முன் வரிசையில் உட்கார்ந்தாளாம்.

அந்தப் படிப்பு முடிந்து பஹ்மியிடம் வேலைக்கு வந்து ஆறு வருஷம். பஹ்மி திகனயிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற மனுஷன். அவளுக்கு அவர் 'நானா', அண்ணன் முறை. வியாபாரத்தில் கெட்டிக்காரர், சால்டரிங் அயர்ன் பிடித்தால் மட்டும் கை நடுங்கும். ஆகவே அவர் வாடிக்கையாளரிடம் பேசுவார், அவள் பெட்டியைத் திறப்பாள். இருவருக்கும் சண்டை வராத நாள் கிடையாது. ஆனாலும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கமாட்டார்கள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஹந்தானை ஊற்று விரல் தடிமனுக்கு வடிய ஆரம்பித்தது. முன்பெல்லாம் பொழுதுக்கும் வழிந்துகொண்டிருந்த தொட்டி நிரம்ப ஒரு பகலும் ஓர் இரவும் பிடித்தது. இரண்டு லயத்துக்கும் சேர்த்துத் திறந்தால் யாருக்குமே ஒரு குடம் உருப்படியாகக் கிடைக்காது. அதனால் ஒரு தொட்டி மேல் லயத்துக்கு, அடுத்த தொட்டி கீழ் லயத்துக்கு என்று முறை வைத்தார்கள். கேட்க எவ்வளவு சுலபம்! தொட்டி ஒரு நாள் நாலு மணிக்கு நிரம்பும், மறுநாள் நிரம்பாது, அதற்கடுத்த நாள் காலையிலேயே நிரம்பி நிற்கும். போன தொட்டி யாருக்குப் போனது என்று கேட்டால் இரண்டு லயமும் சாமி மேல் சத்தியம் பண்ணி "உங்களுக்குத்தான்" என்றது. பொய் சொல்லவில்லை, பாவம். வறண்ட குடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு அடுத்தவர் குடம்தான் கண்ணில் நிற்கும்.

காளிமுத்து மேல் லயத்துக்காரர். அவர் "இன்னைக்கு மேல் லயத்து முறை" என்று சொன்னால் கீழ் லயம் சிரிக்கும். ஒரு நாள் கீழ் லயத்து அழகம்மா, காய்ச்சலில் கிடந்த பேரப்பிள்ளைக்கு வைத்திருந்த தண்ணீர் தீர்ந்துபோன ஆத்திரத்தில் ஓடி வந்து, தொட்டிக்கரையில் அத்தனை பேர் முன்னாலும் காளிமுத்துவின் காலடியில் வெறுங்குடத்தைப் போட்டு உடைத்தாள்.

"தண்ணித் திருடா! உன் லயத்துக்குத் தொறந்து விட்டுட்டு எங்களுக்கு நாள் சொல்றியா? பச்சப் புள்ள நாக்கு வறண்டு கெடக்குது, அது வயித்தெரிச்சல் உன்ன விடுமா?"

காளிமுத்து குனிந்து உடைந்த ஓடுகளைப் பொறுக்கினார், யார் காலிலாவது குத்திவிடும் என்று. தோட்டத்துத் தலைவர் செல்லச்சாமி, தொழிற்சங்கத்து ஆள், வந்து இரண்டு பக்கத்தையும் அமட்டினார். பிறகு காளிமுத்துவைத் தனியே கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஒரு பிராது வந்துச்சுன்னா துரைகிட்டச் சொல்லி உங்கள இந்த வேலையில இருந்து எடுத்துருவேன். என்னால பஞ்சாயத்துப் பண்ணிக்கிட்டு இருக்க முடியாது" என்றார்.

இருபத்திரண்டு வருஷம் அந்தத் தொட்டியைப் பார்த்த மனுஷன். வேலை போனாலும் போகட்டும், போகும்போது 'தண்ணித் திருடன்' என்ற பெயரோடு போகவேண்டும் என்றால்? பரிமளம் அன்று சாப்பிடவில்லை. அப்பா சாப்பிட்டாரா என்று பார்த்தாள். அவரும் சோற்றை அளைந்துகொண்டிருந்தார்.

"அப்பா, போன தொட்டி யாருக்கு?"

"மேல் லயத்துக்கு. அதுக்கு மொத தொட்டி கீழ் லயத்துக்கு. அதுக்கு மொத மேல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு புள்ள. ஆனா என் ஞாபகத்த யாரு கேக்குறா?"

"சரி. உங்க ஞாபகம் வேணாம்னா, லயம் கேக்குற மாதிரி ஒரு ஞாபகம் நான் செஞ்சு தாரேன்" என்றாள் பரிமளம். அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது முடிந்த காரியம் மாதிரிதான் பேசுவாள். எப்படிச் செய்வது என்று அப்போது அவளுக்கே தெரியாது.

மறுநாள் கடையில் பஹ்மியின் பழைய சாமான் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். யாரோ ஒரு கம்பனிக்காரர் கழித்துப் போட்ட வெளிநாட்டுக் கணினியின் பலகை ஒன்று அதில் கிடந்தது. அதில் கறுத்த பூச்சி மாதிரி வரிசையாக ஐ.சி. சில்லுகள். அவளுக்கு வேண்டியது நாலு. ஒவ்வொன்றுக்குள்ளும் நாலு கேட்.

"என்ன தங்கச்சி, கடைய ஒடச்சிப் போட்டீக்கிது?" என்றார் பஹ்மி.

"கம்ப்யூட்டர் கட்டப் போறேன் நானா."

"கம்ப்யூட்டரா! எத்தின பிட்?"

"ஒண்ணு."

பஹ்மி சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற வாடிக்கையாளர் திரும்பிப் பார்த்தார். "ஒரு பிட்டா? என்ட மகன்ட வெளயாட்டுச் சாமானுக்கே எட்டு ஈக்கிது!"

"உங்க மகன் சாமானுக்கு ஆயிரம் வேலை. என் மெசினுக்கு ஒரே வேலைதான். மேலயா, கீழயா? அதுக்கு ஒரு பிட் போதும். ஞாபகம் ஒண்ணு, கட்டளை ஒண்ணு, தட்டி எழுப்பத் தட்டு ஒண்ணு. மூணும் இருந்தா அது கம்ப்யூட்டர்தான். நீங்க கண்ணாடி வச்ச பெட்டியத்தான் கம்ப்யூட்டருன்னு நெனச்சிக்கிட்டு இருக்கீங்க."

அவள் சொன்னது சரிதான். ஆனால் எப்படி என்று கேட்பவர்களுக்கு, அவள் பஹ்மிக்கு விளங்கப்படுத்திய மாதிரியே சொல்வது நல்லது.

கேட் என்பது ஒரு சின்ன ஆள். இரண்டு காது, ஒரு வாய். அவளிடம் இருந்த ஜாதி கேட், இரண்டு காதிலும் 'ஆமா' விழுந்தால் மட்டும் 'இல்லை' என்னும். வேறு எப்படிக் கேட்டாலும் 'ஆமா' என்னும். இவ்வளவுதான் அதற்குத் தெரியும். இப்படிப்பட்ட இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் வாயை மற்றவர் காதோடு சேர்த்துவிட்டால், ஒருவர் 'ஆமா' என்று பிடித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் மற்றவர் 'இல்லை' என்று நிற்பார். வெளியே இருந்து யாராவது உலுக்குகிற வரைக்கும் அந்த நிலை மாறாது. அதுதான் ஞாபகம். கரண்டு இருக்கும் வரை ஒரே ஒரு விஷயத்தை மறக்காமல் வைத்திருக்கும்.

அடுத்தது கட்டளை. ஒரு சுவிட்ச். அதில் 'ஆமா' என்றால் 'முறையை மாத்து', 'இல்லை' என்றால் 'இருக்கிறபடியே இரு'. ஞாபகத்தையும் கட்டளையையும் நாலு கேட் சேர்ந்து பார்க்கும். இரண்டும் வேறு வேறாக இருந்தால் அந்த நாலும் சேர்ந்து 'ஆமா' சொல்லும், ஒரே மாதிரி இருந்தால் 'இல்லை' சொல்லும். 'ஆமா' என்றால் மேல் லயம், 'இல்லை' என்றால் கீழ் லயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டளை 'மாத்து' என்று நின்றால் மேல் கீழாகும், கீழ் மேலாகும். 'இரு' என்று நின்றால் மேல் மேலாகவே இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், தப்பாது.

கடைசியாகத் தட்டு. தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் கேனை மிதக்கவிட்டாள். தண்ணீர் தீர்ந்து கேன் அடிக்கு இறங்கியதும் ஒரு கம்பி சுவிட்சைத் தட்டும். அந்தத் தட்டு விழுந்ததும் மெசின் புதுப் பதிலை எடுத்து ஞாபகத்தில் வைக்கும். இனி நிரம்பப்போகிற தொட்டி யாருக்கு என்று விளக்கு எரியும்.

முதலில் ஒரே ஒரு ஞாபக அறை வைத்துக் கட்டினாள். தட்டினால் விளக்கு பைத்தியம் பிடித்ததுபோல் நடுங்கியது. அவளுக்கு விளங்க ஒரு மத்தியானம் ஆயிற்று. மாறிய பதில் உடனே திரும்பி உள்ளே வந்து மறுபடி மாறுகிறது, அது மறுபடி வந்து மறுபடி மாறுகிறது. "சொன்னதையே சொல்லிச் சொல்லித் திரியுது, சனியன்!" என்று திட்டிக்கொண்டே இரண்டாவது அறை ஒன்று கட்டினாள். முதல் அறை கேட்கும்போது இரண்டாவது வாயை மூடிக்கொண்டிருக்கும். இரண்டாவது பேசும்போது முதல் அறை காதை மூடிக்கொள்ளும். இந்தக் காவலுக்கு ஒவ்வொரு அறைக்கும் கூடுதலாக இரண்டு கேட். அப்புறம் சுவிட்ச் துள்ளியது. ஒரு தட்டு தட்டினால் உள்ளுக்குள் ஐந்தாறு தட்டாக விழுந்தது. துள்ளலை அடக்க இன்னும் இரண்டு கேட். ஆக மொத்தம் பதினாலு கேட் வேலை செய்தன, இரண்டு மிச்சம்.

"மிச்சத்த என்ன செய்ற?" என்றார் பஹ்மி. அதற்குள் அவருக்கும் ஆசை வந்துவிட்டது.

"சும்மா இருக்கட்டும். தோட்டத்துல எல்லாருக்குமா வேலை கெடைக்குது?"

பிஸ்கட் டின்னுக்குள் எல்லாவற்றையும் அடக்கி, தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளை மடுவத்திலிருந்து கரண்டு எடுத்து, தொட்டிக்குப் பக்கத்துக் கம்பத்தில் பூட்டினாள். மேல் லயத்துக்கு மஞ்சள் பல்ப், கீழ் லயத்துக்குப் பச்சை. இரண்டு லயத்து வாசலிலிருந்தும் தெரியும். வேண்டுமென்றே கையால் மாற்றுகிற பொத்தான் எதுவும் வைக்கவில்லை. பொத்தான் இருந்தால் அப்பா அமுக்கினார் என்பார்கள். கட்டளைச் சுவிட்சை மட்டும் தனிப் பூட்டுக்குள் வைத்துச் சாவியைத் தலைவர் செல்லச்சாமியிடம் கொடுத்தாள்.

"இது எதுக்கு புள்ள? முறைன்னா மாறிக்கிட்டே இருக்க வேண்டியதுதானே?"

"எழவு விழுந்தா?"

செல்லச்சாமி சாவியை மடியில் முடிந்துகொண்டார். துக்கம் விழுந்த லயத்துக்கு முறை பார்க்காமல் தண்ணீர் விடுவது தோட்டத்துப் பழக்கம். குளிப்பாட்ட வேண்டும், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வைக்க வேண்டும், காடு போய் வந்தவர்கள் தலை முழுக வேண்டும். அதை மெசின் மறுத்தால் அந்த மெசினை லயமே உடைத்துப் போடும்.

அப்படி ஓர் எழவு இரண்டே வாரத்தில் விழுந்தது. அழகம்மாவின் மாமியார் தவறிப்போனாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செல்லச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, ஊர் பார்க்கச் சுவிட்சை 'இரு' என்று திருப்பினார். தொட்டி தீர்ந்தது, கேன் இறங்கியது, தட்டு விழுந்தது, பச்சை பச்சையாகவே நின்றது. அடுத்த தொட்டியும் கீழ் லயத்துக்குப் போனது. மேல் லயத்தில் ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. காரியம் முடிந்ததும் சுவிட்ச் 'மாத்து' என்று திரும்பியது. அழகம்மா பரிமளத்தை வழியில் பார்த்து, "ஒன் மெசினுக்கு மனுசத்தன்மை இருக்கு" என்றாள். காளிமுத்துவிடம் மட்டும் அவள் பேசவில்லை.

பரிமளத்துக்கு அது போதவில்லை. விளக்கைத்தான் நம்பினார்கள், அப்பாவை நம்பவில்லை. அவர் இப்போது விளக்கைப் பார்த்து வால்வைத் திறக்கிற கூலி, அவ்வளவுதான். இருந்தாலும் பிராது இல்லை, வேலை இருக்கிறது, இரவில் சோறு இறங்குகிறது என்று தன்னைத்தானே சமாதானம் பண்ணிக்கொண்டாள்.

கிரிக்கெட் உலகக் கிண்ணம் வந்தது. கடையில் டீவி மேல் டீவியாக அடுக்கி வைத்துத் திருத்தினாள். இலங்கை கிண்ணத்தை வென்ற சந்தோஷம் தீர்வதற்குள் நாட்டுக்கே மின்வெட்டு வந்து சேர்ந்தது. மழை இல்லை, அணைக்கட்டில் தண்ணீர் இல்லை, கரண்டும் இல்லை. ஹந்தானைக்குப் பகல் பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை கரண்டு இருக்காது.

முதல் நாள் காலையில் எல்லோரும் மலைக்குப் போகும்போது பச்சை எரிந்தது. கீழ் லயத்து முறை. மத்தியானம் கரண்டு போனது, வந்தது. நாலு மணிக்குக் கீழ் லயத்துப் பெண்கள் குடத்தோடு வந்தால் மஞ்சள் எரிகிறது! நேற்று மேல் லயம் எடுத்தது, இன்றும் மேல் லயமா? பகலெல்லாம் தொட்டிப் பக்கம் இருந்தவர் காளிமுத்து ஒருவர்தான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள்.

"அப்பனும் மகளும் நல்லாத்தான் கட்டியிருக்கீங்க மெசினு! ஆள் இல்லாத நேரம் பார்த்துத் திருப்பத்தானா?" அழகம்மாவின் குரல் இரண்டு லயத்துக்கும் கேட்டது. "எழவுக்குத் தண்ணி குடுத்து மயக்கிட்டு எங்க கண்ணக் கட்டினியே!"

காளிமுத்து விளக்கைக் காட்டினார். தான் தொடவில்லை என்றார். யார் கேட்பது? அன்று கீழ் லயம் விளக்கை மீறி வால்வைத் திறந்துகொண்டது, மேல் லயத்துப் பையன்கள் அதை மூட ஓடினார்கள், கைகலப்பு வந்தது. செல்லச்சாமி வந்து பிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முற்றத்தில் கூட்டம் என்றார். காளிமுத்துவைப் பார்த்து, "கூட்டத்துல எனக்கு ஒரு பதில் வேணும். இல்லாட்டி திங்கக்கெழம நீங்க மண்வெட்டி எடுத்துக்கிட்டு மலைக்குப் போங்க" என்றார்.

பரிமளம் டின்னைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனாள். கரண்டை நிறுத்தினாள், போட்டாள். மஞ்சள். நிறுத்தினாள், போட்டாள். மஞ்சள். எத்தனை தடவை போட்டாலும் மஞ்சள்தான்.

"அடப்பாவி!" என்றாள் மெசினைப் பார்த்து.

பிறகு விளங்கியது. கரண்டு போனால் ஞாபகம் போச்சு. அது வரும்போது எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு கேட்டும் ஒரே நேரத்தில் 'ஆமா' சொல்லப் பாய்கின்றன. இரண்டும் ஒரே அச்சில் செய்தவை மாதிரி இருந்தாலும் ஒன்று மற்றதைவிடக் கண்ணிமைப்பில் ஒரு பங்கு வேகம். அது முந்திக்கொண்டு மற்றதை அடக்கிவிடும். எப்போதும் அதுவேதான் முந்தும். மெசின் பொய் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாமல் எழுந்து, தெரிந்தமாதிரி ஒரு பதில் சொல்கிறது.

"டோர்ச் பேட்டரி வெச்சிப் பாரேன்" என்றார் பஹ்மி.

வைத்துப் பார்த்தாள். நாலு ஐ.சி.யும் குடித்துத் தீர்த்தன. லொறி பேட்டரி என்றால் நின்று பிடிக்கும். தோட்டத்தில் கேட்டால் மழை வந்தபிறகுதான் தருவார்கள்.

"பேட்டரி வந்தாலும் ஒரு நாளைக்கு அது செத்துப் போகும் நானா. மறக்காத மெசின் கெடையாது. மறந்தா யாரு பக்கம் சாயணும்? அதத்தான் நான் யோசிக்காம விட்டுட்டேன்."

"யாரு பக்கம் சாஞ்சாலும் மத்தவன் அடிக்க வாறானே."

பரிமளம் டின்னை மூடிவிட்டு, "வாங்கிற அடிய நம்ம லயம் வாங்கட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் இரண்டு லயமும் இரண்டு பக்கமாக நின்றது. நடுவில் மேசை, அதன் மேல் பிஸ்கட் டின். காளிமுத்து ஓர் ஓரத்தில் கைகட்டி நின்றார். அம்மா வீரம்மா மேல் லயத்துப் பெண்களோடு முன்னால் இருந்தாள்.

"எங்கப்பா இதத் தொட்டாரான்னு நீங்களே பாருங்க" என்று பரிமளம் ஆரம்பித்தாள். டின்னைத் திறந்து வைத்தாள். "அழகம்மா அக்கா, வாங்க. நீங்களே வயரைப் பிடுங்குங்க, நீங்களே சொருகுங்க."

அழகம்மா முறைத்துக்கொண்டே வந்தாள். பிடுங்கினாள், சொருகினாள். மஞ்சள். மறுபடி. மஞ்சள். கீழ் லயத்தில் ஒரு பையன், "பாத்தியா, மேல் லயத்துக்குப் பொறந்த மெசினு!" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது.

"சிரிங்க, சிரிங்க. அவன் சொன்னது சரி" என்றாள் பரிமளம். "கரண்டு போனா இது எல்லாத்தையும் மறந்துரும். மறந்துட்டு எந்திரிச்சா எப்பவும் மேல் லயம்னுதான் சொல்லும். நான் வேணும்னு வைக்கல. ஆனா பாக்காம விட்டது என் தப்பு. எங்கப்பா தப்பு இதுல ஒண்ணும் இல்ல."

பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். மஞ்சள் பல்புக்குப் போகிற வயரையும் பச்சைக்குப் போகிற வயரையும் கழற்றி, இடம் மாற்றி முறுக்கினாள்.

"இப்ப சொருகுங்க அக்கா."

பச்சை எரிந்தது. அழகம்மா மறுபடி பிடுங்கிச் சொருகினாள். பச்சை.

"இனிமே கரண்டு போய் வந்தா எப்பவும் கீழ் லயம்னுதான் சொல்லும்."

மேல் லயத்துப் பக்கம் ஒரே கூச்சல். "நம்ம தண்ணிய வித்துட்டா பாவி!" என்று யாரோ கத்தியது முதலில். அடுத்த குரல் அவள் அம்மாவுடையது. "அடியே, வீட்டுல ஒரு சொட்டு இல்லாம நான் எதுல ஒல வைக்கிறது? ஊருக்கு நல்லவளாகணும்னு பெத்தவ வாயில மண்ணப் போடுறியா?" பரிமளத்துக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் குரல் தாழவில்லை.

செல்லச்சாமி கையைத் தூக்கி அடக்கினார். "அப்ப கரண்டு போற நாளெல்லாம் கீழ் லயத்துக்குத்தானா? தெனமும்தானே போகுது? இது என்ன நியாயம் புள்ள?"

"தலைவரே, மெசின் மறந்தா தப்பு எந்தப் பக்கமாவது சாயத்தான் செய்யும். எங்க பக்கம் சாஞ்சா, நாங்க உண்மையச் சொன்னாலும் இவங்க நம்ப மாட்டாங்க. இத்தன நாளும் நம்பினாங்களா? இவங்க பக்கம் சாஞ்சா, 'இது எங்க முறை இல்ல'ன்னு இவங்கதான் சொல்லணும். அப்படி இவங்க சொன்னா ஹந்தானை முழுக்க நம்பும். சொல்ல மனசு இல்லேன்னா எடுத்துக் குடிக்கட்டும். குடிச்சவங்க யாருன்னாவது நமக்குத் தெரியும்."

அழகம்மாவின் முகம் சிவந்தது. "எங்கள என்ன தண்ணித் திருடிங்கன்னு நெனச்சியா?" என்றாள்.

"எங்கப்பாவ நீங்க அப்படித்தானே சொன்னீங்க?"

செல்லச்சாமி ஒரு வாரம் பார்ப்போம் என்று முடித்தார்.

திங்கட்கிழமை கீழ் லயம் தண்ணீர் எடுத்தது. அது அவர்களுக்குச் சேரவேண்டிய தொட்டிதான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தொட்டி தீர்ந்ததும் தட்டு விழுந்து விளக்கு மஞ்சளுக்கு மாறியது.

செவ்வாய்க்கிழமை பரிமளம் பஹ்மியிடம் சொல்லிவிட்டு மூன்று மணிக்கே கடையிலிருந்து கிளம்பினாள். "தங்கச்சி, அவங்க எடுத்துட்டாங்கன்டா?" என்று கேட்டார் பஹ்மி. "எடுத்துட்டா எங்கம்மா இன்னைக்கு என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா. உங்க வீட்டுக்குத்தான் வருவேன்" என்று சிரித்துக்கொண்டே போனாள். ஹந்தானை ஏற்றத்தில் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. அப்பாவின் பெயரை எடுத்து, அதைத் தூற்றியவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அது தைரியமா மடத்தனமா என்று அவளுக்கே தெரியவில்லை.

தொட்டிக்கரையில் இரண்டு லயமும் குடத்தோடு நின்றது. கரண்டு போய் வந்துவிட்டிருந்தது. பச்சை எரிந்தது. முறை மேல் லயத்துடையது என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். வீரம்மா மகளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காளிமுத்து விளக்குச் சொன்னபடி கீழ் லயத்து வால்வின் மேல் கையை வைத்தார்.

"இருங்க" என்றாள் அழகம்மா.

குடத்தை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். அவள் பின்னால் நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

"என்னக்கா, வெளக்கு நமக்குத்தானே எரியுது?" என்றாள் ஒருத்தி.

"எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போகுது. அதுக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இல்லேன்னு அந்தப் புள்ள கோயில்ல வச்சுச் சொல்லிச்சே." அழகம்மா காளிமுத்துவைப் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். "காளிமுத்து அண்ணே, நீங்க சொல்லுங்க. இன்னைக்கு யாரு முறை?"

காளிமுத்து வால்வில் இருந்த கையை எடுத்து, கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். மகளைப் பார்த்தார். பிறகு அழகம்மாவைப் பார்த்தார்.

"மேல் லயம்" என்றார்.

"கேட்டுச்சுல்ல?" என்று தன் பெண்களிடம் திரும்பினாள் அழகம்மா. "அண்ணன் சொல்லிட்டாரு. வாங்க, நாளைக்கு வருவோம்."

வெறுங்குடங்களோடு அவர்கள் கீழே இறங்கிப் போனார்கள். காளிமுத்து மேல் லயத்து வால்வைத் திறந்தார். வீரம்மா முதல் குடத்தைப் பிடித்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் கீழ் லயத்துப் படியில் இறங்கி, "அழகம்மா, ஒம் பேரப்புள்ளைக்கு இத வச்சுக்க" என்று கத்திக்கொண்டே போனாள்.

பரிமளம் பச்சை விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது ஹந்தானையில் யாரும் பார்த்ததில்லை. வெட்கப்படாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எல்லோரும் பார்க்க அழுதாள். காளிமுத்து வால்விலிருந்து கையை எடுக்காமலே, "என்ன புள்ள, மெசினுக்கு ஏதும் ஆயிருச்சா?" என்றார்.

"மெசின் நல்லாத்தான் இருக்கு அப்பா" என்றாள். "அத யாரும் கேக்கல. உங்க ஞாபகத்தத்தான் கேட்டாங்க."